மானியம் யாருக்கு?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசப் புலவர்கள் வந்திருக்கிறார்கள். ஆடியும் பாடியும் மகிழ்விக்க நம் காலனிக் குழந்தைகள் அலங்காரம் செய்துகொண்டு காத்திருக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவர் நாம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் சரக்குப் பிரிவு எழுத்தராக இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாளோடும் முத்திரையோடும் பழகி வருகிறோம். ஆகவே நமக்குத் தெரிந்த தாளைப் பற்றியே பேச எண்ணினோம். அது உழவருக்கு அரசினர் வழங்கும் உதவித் தொகை பற்றிய தாள்.

திருப்பதிக் காலனியில் வாழும் நமக்கும் உழவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். இங்கே அமர்ந்திருக்கும் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர், குடிபாலா, பலமநேர் என்று ஆளுக்கொரு ஊரின் பெயரைச் சொல்லுவீர்கள். 1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டின் ஒரு பகுதியையும் கடப்பையின் ஒரு பகுதியையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1960ஆம் ஆண்டில் எல்லை மாற்றம் நிகழ்ந்து, திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடு நகர்ந்தது. பாட்டனார் உழுத நிலம் நகரவில்லை. ஆதலால் சம்பளம் ரயில்வேயிலோ, பள்ளியிலோ, தேவஸ்தானத்திலோ பெற்றாலும், ஊரிலே ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. அந்த நிலத்தை நாம் உழுவதில்லை, வேறொருவர் உழுகிறார். இன்றைய பேச்சு முழுவதும் அந்த வேறொருவரைப் பற்றியதேயாகும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அரசினர் தரும் உதவியை இன்று 'மானியம்' என்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் மானியம் என்றால் நிலம் என்று பொருள். ஊரைக் காத்த தலையாரிக்கு மானியம். ஏரி மதகைத் திறந்து அடைத்தவருக்கு மானியம். கோயிலில் நாதஸ்வரம் வாசித்தவருக்கு மானியம். பணி செய்பவர் அந்த நிலத்தை வரியின்றியோ குறைந்த வரியிலோ அனுபவித்தார். பணி நின்றால் மானியமும் திரும்பிப் போகும் என்பதே பொதுவான வழக்கம். உழைப்பு எங்கேயோ, மானியமும் அங்கேயே என்பது அச்சொல்லின் பழைய பொருள். இன்று அப்பொருள் எஞ்சியிருக்கிறதா என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

இப்போது நடைமுறையில் வந்த உதவிகளைச் சுருக்கமாகக் கூறுவோம். மத்திய அரசினரின் 'பி.எம். கிசான்' திட்டம் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி கோரக்பூரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய். தவணைக்கு 2,000 வீதம் மூன்று தவணை. தொடக்கத்தில் இரண்டு ஹெக்டேர் வரையில் நிலமுள்ளவர்க்கே என்றிருந்தது. அதே ஆண்டில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. இருபத்தொன்றாம் தவணை 2025 நவம்பர் 19ஆம் தேதி கோயம்புத்தூரில் விடுவிக்கப்பட்டது.

நம் மாநில அரசினர் 2019 அக்டோபர் 15ஆம் தேதி 'ரைத்து பரோசா' திட்டத்தைத் தொடங்கினர். மத்திய உதவியான 6,000 ரூபாயோடு மாநிலத்தின் 7,500 ரூபாயும் சேர்த்து 13,500 என்பது அதன் கணக்கு. ஆட்சி மாறிய பின்னர், 2025 ஆகஸ்டு 2ஆம் தேதி 'அன்னதாதா சுகீபவ' தொடங்கியது. மத்திய உதவியும் உட்பட ஆண்டுக்கு 20,000 ரூபாய் என்பது அதன் அளவு. ஆகஸ்டிலும் நவம்பரிலும் மாநிலத்தின் பங்காக 5,000, மத்திய அரசின் பங்காக 2,000 என்று 7,000 ரூபாய் வீதம் வந்தது.

இவற்றோடு நம் பகுதிக்கே உரிய இன்னொன்றும் உண்டு. கிளிமூக்கு மாம்பழத்தை அறியாதவர் இங்கே இலர். 'தோத்தாபுரி' என்று பெயர் பெற்ற அப்பழம் தின்பதற்கு மட்டும் அன்று. சித்தூர்ப் பக்கத்துக் கூழ்த் தொழிற்சாலைகளுக்காகவே பெரும்பாலும் விளைவிக்கப்படுகிறது. ஊரார் அவற்றை 'ஜூஸ் பாக்டரி' என்பர். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் காய்ப்பு மிகுந்தது, முந்திய ஆண்டின் கூழே விற்காமல் ஆலைகளில் தேங்கியிருந்தது, விலை வீழ்ந்தது. பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாயில்களில் வரிசை வரிசையாக நின்றதை நாம் கண்ணால் கண்டோம். அப்போது மாநில அரசினர் ஒரு முறை வகுத்தனர். ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும். அரசு 4 ரூபாய் சேர்க்கும். ஆக 12 ரூபாய். ஜூலை மாதத்தில் மத்திய அரசினரும் 1,62,000 டன் அளவுக்குக் குவிண்டால் ஒன்றுக்கு 1,490 ரூபாய் 73 காசு என்று விலை வரையறுத்து, குறையும் தொகையை மாநிலத்தோடு பாதிப் பாதியாக ஏற்க இசைந்தனர். 8 ரூபாய் தங்கள் கைக்கு வரவில்லை என்று உழவர் பலர் குறை கூறியதும் உண்மை. ஆயினும் அரசினரின் 4 ரூபாய் என்பது அவ்வாண்டில் பல குடும்பங்களுக்கு உயிர்த்தண்ணீராக இருந்தது.

இத்தனை பணமும் வங்கிக் கணக்குக்கு நேரே வருகிறது. இடையில் கைநீட்டுவோர் குறைந்தது பெரிய நன்மையே. ஆனால் எவருடைய வங்கிக் கணக்கு?

இங்கே நம் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறோம். ரயிலில் சரக்கு அனுப்பினால் ரயில்வே ரசீது கொடுப்போம். சேருமிடத்தில் அந்த ரசீதை முறைப்படி ஒப்படைப்பவருக்கே சரக்கு. பழத்தைப் பறித்தவர் யார், கூடை முடைந்தவர் யார், தலையில் சுமந்து வந்தவர் யார் என்று எழுத்தர் கேட்பதில்லை. கேட்க அதிகாரமும் இல்லை. தாள் யாருடையதோ அவரே உரியவர். அரசினரின் உதவியும் அவ்வாறே பட்டா என்னும் தாளைப் பார்த்து வருகிறது. எழுத்தரின் மீது குற்றமில்லை. தாளுக்கும் உழைப்புக்கும் நடுவே விழுந்த பிளவுதான் குற்றம்.

அன்பர்களே, பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டுக் கணக்கைச் சபையில் வைப்பதே முறை.

சித்தூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் நம் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பும், ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலமும் உண்டு. தந்தையார் மறைந்த பின் பட்டா தாயார் பெயருக்கு மாறியது. தாயார் அவ்வூரில் பழைய வீட்டிலேயே தனியாக வசிக்கிறார். நாம் மத்திய அரசின் ஊழியர். எழுத்தர் நிலையில் உள்ளவர்க்கு பி.எம். கிசான் பெற உரிமை இல்லை. நம் தாயாருக்கோ உண்டு. விதிப்படி குடும்பம் என்றால் கணவன், மனைவி, வயது வராத மக்கள் மட்டுமே. ஆதலால் அவர் பெற்றதில் சட்டப்படி பிழை ஏதுமில்லை.

நிலத்தைப் பதினோராண்டுகளாகக் குத்தகைக்குச் செய்து வருபவர் பக்கத்து ஊர்க்காரர்; தெலுங்கர்; நம்மைவிட மூத்தவர். அவரை நாம் 'அண்ணா' என்றே அழைப்போம். அச்சொல் இரு மொழிக்கும் பொதுவானது. குத்தகை வாய்ப்பேச்சில்தான், எழுத்தில் எதுவும் இல்லை. மேட்டு நிலத்தில் நிலக்கடலை போடுவார். கோடையில் மாங்கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்து விடுவார்.

2020ஆம் ஆண்டில் ஒருநாள் அவர் ஒரு படிவத்தோடு வந்தார். குத்தகை உழவருக்கு அரசினர் அட்டை தருகிறார்களாம். நிலத்துக்குரியவர் கையொப்பம் வேண்டுமாம். தாயார் நம் முகத்தைப் பார்த்தார். நாம், "பார்க்கலாம் அண்ணா" என்றோம். தாளோடு இருபது ஆண்டு பழகிய நமக்குத் தாளைக் கண்டதும் அச்சம் வந்தது. கையொப்பமிட்டால் நாளை நிலத்தையே கேட்பாரோ என்று எண்ணினோம். அவர் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார், மறுபடி கேட்கவில்லை.

2025இல் எட்டு டன் பழத்தை ஆலைக்குக் கொண்டுபோனவர் அவர். வரிசையில் இரண்டு இரவு டிராக்டரின் அடியில் படுத்திருந்தவரும் அவரே. பதிவு செய்தபோது பட்டாவின்படி நம் தாயாரின் பெயரும் கணக்கு எண்ணும் எழுதப்பட்டிருந்தன. ஆகவே கிலோவுக்கு 4 ரூபாய் வீதம் 32,000 ரூபாய் தாயாரின் கணக்கில் விழுந்தது. பின்னொரு ஞாயிறன்று நாம் ஊருக்குப் போயிருந்தபோது, தாயார் வங்கிப் புத்தகத்தை நீட்டி, "மரத்துக்குத் தண்ணீர் விட்டவன் அவன். பணம் நமக்கு எப்படியடா வந்தது?" என்று கேட்டார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

அன்றிரவு எழுத்தர் வழக்கப்படி கணக்குப் போட்டோம். மத்திய உதவி இருபத்தொரு தவணை, 42,000 ரூபாய். ரைத்து பரோசாவில் மாநிலப் பங்கு ஐந்தாண்டுக்கு 37,500. அன்னதாதா சுகீபவவில் இரண்டு தவணைக்கு மாநிலப் பங்கு 10,000. மாம்பழத்துக்கு 32,000. மொத்தம் 1,21,500 ரூபாய். இந்நிலத்தில் ஒரு நாளும் மண்வெட்டி பிடிக்காத குடும்பத்துக்கு, இந்நிலத்தை உழுததற்காக வந்த தொகை இது.

மறுநாள் 32,000 ரூபாயை அவரிடம் கொடுத்தோம். எண்ணிப் பார்த்துப் பெற்றுக்கொண்டார். பிறகு அமைதியாக ஒரு வார்த்தை சொன்னார். "இந்தப் பணம் இந்த வருஷத்துக்குச் சரி, தம்பி. அன்றைக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் வட்டிக் கடைக்குப் போயிருக்க மாட்டேன்" என்றார்.

அப்போதுதான் நமக்கு உண்மை விளங்கியது. அட்டை வெறும் உதவித் தொகைக்கு மட்டும் அன்று. வங்கியில் பயிர்க் கடன் கேட்பதற்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், புயலிலோ வறட்சியிலோ அழிந்தால் இழப்பீடு கேட்பதற்கும், 'இப்பயிரைச் செய்தவன் நான்' என்று காட்ட அவரிடம் உள்ள ஒரே சான்று அது. அச்சான்றைப் பெற முடியாமல் அவர் வெளியாரிடம் வட்டிக்கு வாங்கியிருந்தார். நாம் இழந்தது ஒன்றுமில்லை. நம் அச்சத்துக்கு வட்டி கட்டியவர் அவர்.

அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டா என்று சட்டத்தைக் கேட்டறிந்தோம். ஆந்திரப் பிரதேசத்தில் 2011ஆம் ஆண்டிலேயே உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் வந்தது. 2019ஆம் ஆண்டில் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் வந்தது. இப்பிந்திய சட்டம் வகுத்த முறைப்படி அட்டை பதினொரு மாதங்களுக்கே செல்லும். அது பயிரின் மீது மட்டுமே உரிமை தரும். நிலத்தின் மீது எவ்வித உரிமையும் தராது. நிலத்துக்குரியவரின் உரிமை குலையாதபடி காப்பதும் அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. உழுபவருக்கு வேண்டியது ஒரு பருவத்தின் சான்று. அதனை நாம் பரம்பரைச் சொத்துக்கு வந்த ஆபத்தாக நினைத்துவிட்டோம். நம்மைப் போலவே நினைத்தவர் இச்சபையிலும் இருக்கலாம்.

இது நம் ஊரில் மட்டும் நிகழ்வதன்று. தெலங்கானாவில் 2018 மே மாதத்தில் 'ரைத்து பந்து' தொடங்கியபோது, ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 ரூபாய் என்று நிலமுடையோர்க்கு வழங்கினர். குத்தகை உழவர் சேர்க்கப்படவில்லை. ஒடிசாவின் 'காலியா' திட்டமோ பங்குக் குத்தகைதாரரையும் நிலமற்ற உழைப்பாளர் குடும்பங்களையும் கருத்தில் கொண்டது. நம் மாநிலத்து ரைத்து பரோசாவிலும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர், சிறுபான்மையினர் ஆகிய வகுப்புகளைச் சேர்ந்த குத்தகை உழவர் அட்டை வைத்திருந்தால் 13,500 ரூபாய் பெறலாம் என்றனர். ஆக, மனம் இருந்தால் வழியும் இருக்கிறது. ஆனால் அவ்வழியின் வாயிலில் நிலத்துக்குரியவரின் கையொப்பம் நின்றது.

செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும் இக்கதை நிகழ்ந்தது. 1933ஆம் ஆண்டில் பருத்தி விலை பாதாளத்துக்குப் போனபோது, விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று கருதி, நிலத்தைச் சும்மா போடுவோர்க்கு அந்நாட்டு அரசினர் பணம் கொடுத்தனர். முளைத்து நின்ற பருத்தி ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கரில் உழுதழிக்கப்பட்டது. பணம் பெரும்பாலும் நிலமுடையோர் கைக்கே சென்றது. பங்குக்கு உழுதவருக்குச் சேர வேண்டியதைப் பலர் கொடுக்கவில்லை. உழ வேண்டியதில்லை என்றானபின் ஆள் எதற்கு என்று குடிசையை விட்டே பலரை வெளியேற்றினர். 1934ஆம் ஆண்டில் ஆர்கன்சா மாநிலத்தில் கறுப்பரும் வெள்ளையருமான குத்தகை உழவர் நிற வேற்றுமை பாராமல் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்கும்படி ஆயிற்று. உழவரைக் காக்க வந்த பணம் உழவரையே துரத்திய வரலாறு இது. நோக்கம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. சேருமிடம் சரியாயிருக்க வேண்டும்.

சிலர் கேட்பீர்கள்: "நிலம் நம்முடையது; கிணறு நம்முடையது; மரம் நம் தந்தை வைத்தது. உதவியில் நமக்குப் பங்கே இல்லையா?" நியாயமான கேள்விதான். நிலத்துக்குரியவருக்குக் குத்தகை உண்டு. அதை வேண்டாமென்று நாம் கூறவில்லை. அரசினரின் உதவியோ விதைக்கும் உரத்துக்கும், விலை வீழ்ச்சிக்கும் ஈடாக வருவது. விதை வாங்காதவருக்கு விதைக்கு உதவி எதற்கு? பழம் விற்காதவருக்கு விலை வீழ்ச்சி எங்கே? பி.எம். கிசான் விதிப்படி நிலமுடையவர் பெயருக்கே வரும்; அதை மாற்ற நம்மால் இயலாது. ஆனால் அவ்வாண்டுக் குத்தகையில் அத்தொகையைக் கழித்துக்கொள்ள எந்த விதியும் தடுக்கவில்லை. வள்ளுவர் உழவுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நிலத்துக்குரியவன் நாள்தோறும் சென்று பாராதிருந்தால் நிலமே அவனோடு ஊடிவிடும் என்ற கருத்தை அதில் வைத்தார். காலனியில் இருக்கும் நாம் நாள்தோறும் செல்ல இயலாது. நமக்குப் பதிலாகச் சென்று பார்ப்பவரின் கையை வெறுங்கையாக்காமல் இருக்கலாம் அன்றோ?

ஆகவே மூன்று காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, குத்தகைக்கு நிலம் விட்ட ஒவ்வொரு குடும்பமும் இவ்வாண்டுப் பருவம் தொடங்குமுன் உழுபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, அட்டைக்குக் கையொப்பமிடவேண்டும்.

இரண்டாவது, பெயர்களைச் சரிபார்க்கவேண்டும். பட்டாவில் 'முனிஸ்வாமி', ஆதாரில் 'முனுசாமி', வங்கியில் 'முனிசாமி' என்று ஒருவரே மூவராக இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். தமிழர் தந்தையின் முதலெழுத்தை வைப்பர். தெலுங்கர் வீட்டுப் பெயரை முன்னே வைப்பர். எழுதுவோர் குழம்பினால் தவணை நின்றுபோகும். தெலுங்குப் படிவத்தைப் படிக்க இயலாத முதியோர் பலர் நம் ஊர்களில் உள்ளனர். மாதத்தில் ஒரு ஞாயிறன்று சங்கக் கட்டடத்தில் நாமும் இன்னும் இருவரும் அமர்ந்து படிவம் நிரப்பித் தரச் சித்தமாயிருக்கிறோம். தமிழருக்கு மட்டும் என்று எண்ணவேண்டா. எந்த மொழி பேசும் குத்தகை உழவர் வந்தாலும் வரவேற்போம். இம்மண்ணில் நமக்கு இடம் தந்தவர்கள் அவர்களே.

மூன்றாவது, நம்மைப் போல் அரசுப் பணியில் உள்ளவர், வருமான வரி கட்டுபவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுபவர் ஆகியோர் பி.எம். கிசான் பெற உரிமையற்றவர். அறியாமல் பெயர் சேர்ந்திருந்தால் தாமாகவே முன்வந்து திருப்பிச் செலுத்துவது கௌரவம். கேட்ட பின் கொடுப்பதைவிடக் கேளாமுன் கொடுப்பது நன்று.

இவற்றால் மட்டும் உழவர் துயர் தீரும் என்று நாம் கூறவில்லை. விளைந்த பொருளுக்கு விலை கிடைத்தால் நான்கு ரூபாய்க்காக எவரும் கையேந்த வேண்டியதில்லை. ஆனால் விலையை உயர்த்துவது நம் கையில் இல்லை. ஒரு கையொப்பம் நம் கையில் இருக்கிறது.

நாம் அக்கையொப்பத்தை ஐந்தாண்டு தாமதமாகவே இட்டோம். தாயாரும் நாமும் அண்ணாவின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படிவத்தை நிரப்பினோம். தாயார் தமிழில் கையொப்பமிட்டார். அவர் தெலுங்கில் கையொப்பமிட்டார். இம்முறை அவர் தாளை மடிக்கவில்லை. உள்ளே கொண்டுபோய், சாமி படத்தின் பின்னே நிமிர்த்தி வைத்தார்.